கம்பிக்கு எவ்வளவு கழிப்பார்கள்?

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி ஆறு. அன்று பக்கத்துக் கிளியூர் காப்பி எஸ்டேட்டிலிருந்து டிவி பார்க்க வந்த தொழிலாளர்கள் இருபத்துமூன்று பேர். சேற்றுச் செருப்பை வாசலிலேயே விடச் சொன்னேன். பாதிப் பேர்தான் கேட்டார்கள். வெளியே மழை. டிவியில் படம் நின்றுவிடுமோ என்று எனக்குக் கவலை.

காமன்வெல்த் போட்டியில் அன்று பெண்கள் பளுதூக்குதல். அந்த எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டுப் பெண் ஒருத்தி இந்தியாவுக்காகத் தூக்குகிறாள். காப்பிப் பழம் பறிக்கும் அவளுடைய அம்மா டிவிக்கு நேரெதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு ஒரு பதக்கம், எந்த நிறமானாலும் சரி, கிடைத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

"ஏனுங்க சார், ரெண்டு விதமாத் தூக்கோணுமுங்களா?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"ஆமா. ரெண்டையும் கூட்டுவாங்க. மத்தியான எடையையும் சாயங்கால எடையையும் தோட்டத்துல கூட்டுறாங்கல்ல, அது மாதிரிதான்" என்றேன். எல்லாருக்கும் உடனே விளங்கிவிட்டது. கூட்டத்தில் இருந்த, பழத்தை நிறுத்துக் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டரும் தலையாட்டினார்.

மூன்றாம் இடத்துக்குக் கென்யாப் பெண்ணோடு போட்டி. வெள்ளைக்காரன் ஆண்ட நாடுகள்தான் பெரும்பாலும் இதில் மோதுகின்றன, கென்யாவிலும் அவன் காப்பித் தோட்டம் போட்டான் என்று சொன்னேன். அம்மாவின் முகம் வாடியது.

"அப்ப அந்தப் புள்ளையும் மூட்டை தூக்குன புள்ளையாத்தான் இருக்குமுங்க."

ஆனால் கென்யாப் பெண்ணின் கையிலிருந்து கடைசி முறை பளு நழுவியது. அடுத்து எங்கள் பெண். எடை மாட்டிய கம்பியைத் தலைக்கு மேல் நிறுத்திவிட்டால் வெண்கலம். நிறுத்தினாள். நடுவர்கள் சரியென்று காட்டும் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. மொத்த எடை திரையில் வந்தது.

கை தட்டியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் அசையவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அம்மா மெதுவாகக் கேட்டாள். "கம்பிக்கு எவ்வளவுங்க கழிப்பாங்க?"

எடைக் கொட்டகையில் ரைட்டர் சாக்குக்கும் மழை ஈரத்துக்கும் எடையில் கழித்து முடிக்கும்வரை யாரும் சந்தோஷப்படுவதில்லை. அந்தப் பழக்கம்தான்.

"கழிவே கிடையாதும்மா. கம்பியும் சேர்த்துத்தான் எடை. வெண்கலம் நமக்குத்தான்!"

கூடம் அதிர்ந்தது. விசில், கூச்சல். ஒரு நாற்காலிக்குக் கால் போயிற்று. அதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு நானும் கை தட்டினேன்.

"ஏனுங்க ரைட்டரே, கேட்டுக்கிட்டீங்களா? இரும்புக்கே கழிக்கறதில்லையாமா!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"அந்தக் கம்பி மழையில நனையறதில்ல ஆத்தா. உங்க சாக்கு நொம்ப நனையுது" என்றார் ரைட்டர். அவரைச் சுற்றி ஒரே சிரிப்பு.

அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. திரையில் கென்யாப் பெண் அழுதுகொண்டே வந்து மகளைக் கட்டிப்பிடித்தாள். அம்மா முழங்காலாலேயே நகர்ந்து டிவியிடம் போனாள். "அழுவாத கண்ணு. அழுவாத சாமி" என்று அந்தப் பெண்ணின் கன்னத்தைத் துடைத்தாள். கண்ணாடி மேல் ஈரமாக ஐந்து விரலும் பதிந்தன.