பின்சீட்டுக் கேள்விகள்

பிரேமாவதிக்கு எதையும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். சின்ன வயதில் அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பிரித்துவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போன பிள்ளை பால்வெட்டுக்கு ஆகாது என்று, மலேசியாவில் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவைத்தார்கள். அதுவே அவளுக்கு நல்லதாய்ப் போயிற்று. 1978இல் பட்டணத்து இடைநிலைப்பள்ளி ஒன்றில் வேதியியல் ஆய்வுக்கூடத்து உதவியாளராகச் சேர்ந்தாள். குடுவை கழுவுவதுதான் வேலை. வாத்தியாரைக் கேள்வி கேட்டுக் குடைவது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

மூலக்கூறு செய்து காட்டும் மர உருண்டைப் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. கறுப்பு இரண்டு, சிவப்பு ஒன்று, வெள்ளை ஆறு. ஒரு மாதிரி குச்சி செருகினால் சாராயம். அதே உருண்டைகளை வேறு மாதிரி செருகினால் ஒரு வாயு. சரக்கு ஒன்றுதான், யாருக்குப் பக்கத்தில் யார் என்பதுதான் மாறுகிறது என்று வாத்தியார் சொன்னதை அவள் லேசில் நம்பவில்லை. சோற்றுப் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பிரித்துப் பிரித்துக் கோத்தாள். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் இந்த விளையாட்டெல்லாம் நடக்காது. அப்பா அம்மா போனபிறகு தோட்டத்தில் அண்ணன் குழந்தைவேலுவின் வீடுதான் அவளுக்கு வீடு. அண்ணன் ஊருக்கு நல்லவர், கோயில் வேலை என்றால் முதல் ஆளாய் நிற்பவர். கோபம் வந்தால் மட்டும் அவளுடைய ஊன்றுகோலைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிடுவார். அப்புறம் கக்கூசுக்குப் போவதென்றாலும் அவள் தரையில் நகர்ந்துதான் போக வேண்டும். சில நாள் அந்தக் கோலே முதுகிலும் விழும். இதற்கெல்லாம் அவள் வைத்திருந்த ஒரே பெயர் ‘அண்ணன் கோபம்’. வெளியே வாயைத் திறந்தால் தலைக்கு மேலிருக்கிற கூரை போய்விடும். காலில் இரும்புப் பட்டை கட்டிய பெண்ணுக்கு யார் அறை கொடுப்பார்கள்? அதனால் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

1984ஆம் வருடப் பள்ளி விடுமுறையில் அகத்தா வந்தாள். வாத்தியாருக்கு உறவு, பினாங்கில் ஆராய்ச்சி மாணவி. உடல் ஊனமுற்ற பெண்களை வீட்டில் யாராவது துன்புறுத்துகிறார்களா என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டு எழுதுவது அவள் வேலை. கான்வென்டில் வளர்ந்த அவளுடைய தமிழ் தோட்டத்தில் செல்லுபடியாகாது. கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பேச்சும் வழியும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. கூப்பிட்டவுடனே பிரேமாவதி கிளம்பிவிட்டாள். பெரிய துணிச்சல் என்று நினைத்துவிட வேண்டாம், மற்ற வீடுகளுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசைதான்.

முதலில் ஒன்றும் தேறவில்லை. போன வீடெல்லாம் சர்பத் கலக்கிக் கொடுத்தார்கள், பதிலையும் வீட்டு ஆட்களே கொடுத்தார்கள். அவளுக்கு என்ன குறை, ராணி மாதிரி வைத்திருக்கிறோம் என்றார்கள். வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுச் சுவர் கூரைவரை எட்டாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கேட்கும். கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்தில் கண் தெரியாத பாப்பம்மாவிடம் கன்னத்துக் காயத்தைப் பற்றிக் கேட்டபோது, விழுந்துவிட்டேன் என்றாள். பக்கத்தில் நின்ற தம்பி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான்.

பிரேமாவதிக்கு மண்டை குடைந்தது. அந்தத் தம்பி பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன சொல்லுவாள்?

“காடியில ஒரு சுத்து போய்ட்டு வருவோம், வாங்கக்கா” என்று பாப்பம்மாவைக் கையோடு கூட்டி வந்தாள். அகத்தாவின் பழைய காரைப் பால்மரங்களுக்கு நடுவே நிறுத்தச் சொன்னாள், கண்ணாடிகளை ஏற்றச் சொன்னாள். உள்ளே புழுக்கம் உயிரை வாங்கியது. பின்சீட்டில் பாப்பம்மா, முன்சீட்டில் இவர்கள் இருவரும். அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள்.

“தம்பிதான் அடிக்கிறான்” என்றாள் பாப்பம்மா, சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோல.

பிரேமாவதிக்கு உடம்பு சிலிர்த்தது. அழ வேண்டிய இடத்தில், நினைத்தது சரியாயிற்று என்று இப்படிச் சந்தோஷம் பொங்குகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. அகத்தா அடுத்த கேள்வியைப் படித்தாள். எந்த வீட்டிலும் இதுவரை அந்தக் கேள்வி வரைக்கும் அவர்கள் போனதில்லை. பிரேமாவதி தமிழில் சொல்லத் தொடங்கினாள்: “ஒங்க கைத்தடிய யாராச்சும் புடுங்கி வச்சிக்குவாங்களா?” கேட்கும்போதே அவள் கை தன் ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டது.

கோலைப் பிடுங்கி வைப்பது பினாங்கில் இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? திரும்பும் வழியில் அதைத்தான் கேட்டாள். வேறு ஊர்ப் பெண்கள் பலர் சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வியைச் சேர்த்தோம், அடிப்பதும் அதுவும் ஒரே கணக்குத்தான் என்றாள் அகத்தா. தனக்கு மட்டும் நடக்கிறது என்று நினைத்திருந்த ஒன்றுக்கு ஒரு கேள்வியே இருக்கிறது என்பதைப் பிரேமாவதியால் நம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு போன இடமெல்லாம் பின்சீட்டில்தான் பேச்சு. பெண்கள் பேசினார்கள், சிலர் விட்டால் போதும் என்று பேசினார்கள்.

விடுமுறையின் கடைசி நாள் அவளைத் தோட்டத்தில் இறக்கிவிட வந்த அகத்தாவை, கோப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று குழந்தைவேலு உள்ளே அழைத்தார். பேச்சோடு பேச்சாக அகத்தா, இத்தனை பேரைக் கேட்டோம், பிரேமாவைக் கேட்கவே இல்லையே என்றாள்.

குழந்தைவேலு சிரித்தார். “நம்ம வீட்டுல அதெல்லாம் இல்ல லா. இவள வேலைக்கே அனுப்பியிருக்கேன், பாக்குறீங்கதானே.”

பிரேமாவதியின் தலை தானாக ஆமாம் என்று ஆடியது. ஆடியதை அவளே உணர்ந்தாள். அவமானத்தில் முகம் எரிந்தது. கோப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, கோலை ஊன்றி எழுந்தாள். வாசலைத் தாண்டிப் போய்க் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். எங்கே போகிறாய் என்று அதட்டிக்கொண்டே அண்ணன் பின்னால் வந்தார்.

“நீங்க உள்ள போங்கண்ணே. இது என்கிட்ட கேட்ட கேள்வி.”

அகத்தா ஓடிவந்து முன்சீட்டில் ஏறினாள். சொல்லிவிட்டால் இன்று ராத்திரி நீ எங்கே படுப்பாய் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“தெரியலக்கா” என்றாள் பிரேமாவதி. “மொதல்ல கேள்வியக் கேளுங்க.”