வேலிக்கு மேலாக வந்த குழை

போன வருடம் ஆனி மாதம், கச்சான் காற்று ஓயாமல் வீசிய நாட்கள். அளவெட்டிப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டக்காணியும் ஒரு பசுவும் உண்டு. காணியின் கிழக்கு வேலி முழுவதும் இப்பில் இப்பில் என்கிற சவுண்டல் மரங்கள். மாட்டுக்கு இலை குழை வெட்டலாம் என்று நாங்களே விதை போட்டு வளர்த்தவை. வெயிலில் புல்லெல்லாம் கருகினாலும் அந்த வேலி மட்டும் பச்சையாக நிற்கும். மத்தியானத்தில் கொட்டிலடியில் இருந்தால், காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலப்பது தூரத்தில் யாரோ சலங்கை கட்டி நடப்பதுபோலக் கேட்கும். கேட்டபடியே கண் அயர்ந்துவிடுவேன்.

ஆனால் பக்கத்துத் தோட்டக்காரருக்கு அந்த நெற்றுகளைக் கண்ணில் காட்டக்கூடாது. அவை வெடித்து விதையெல்லாம் அவருடைய வெங்காயப் பாத்தியில் விழும். தண்ணீர் பட்டதும் முளைத்துவிடும். பிடுங்கிப் பிடுங்கி அவருக்கு வெறுத்துப்போயிற்று.

"நடுறது நான் வெங்காயம், முளைக்கிறது உங்கடை இப்பில். உதைச் சந்தைக்குக் கொண்டுபோனால் ஆர் வாங்கிறது?" என்று ஒருநாள் என் கணவரிடம் கேட்டார். நியாயந்தானே. ஞாயிற்றுக்கிழமை மரங்களை வேரோடு எடுத்துவிடலாம் என்று இவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

எனக்கோ பசுவின் கவலை. பசு நிறைமாதம். வெறும் வைக்கோலைக் காட்டி அதை வளர்க்க முடியாது. வேலி போனால் விற்கத்தான் வேண்டும் என்று இவர் சொல்லியும்விட்டார். பிள்ளையாரிடம் போய் நின்றேன். மரம் நிற்க வேண்டும் என்று கேட்டால் அந்த மனிசனின் வெங்காயம் கெடட்டும் என்று கேட்டதாகிவிடும். வாயில்லாச் சீவனை நீயே பார்த்துக்கொள் அப்பனே என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பசு கன்று போட்டது. முதற்பாலில் கடும்பு காய்ச்சி, சர்க்கரை போட்டு, அயலுக்குக் கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் வாய் வைப்போம். மற்ற வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. பக்கத்துத் தோட்டக்காரரின் படலை வாசலில் என் கால் நின்றுவிட்டது. வேலிக்காகக் கொண்டுவந்ததாக நினைப்பாரே என்று கூச்சம். ஆனால் அவரை விட்டுவிட்டு நாங்கள் எப்படிச் சாப்பிடுவது?

பயந்ததுபோலவே கேட்டார். "என்ன தங்கச்சி, வேலிக்கு லஞ்சமோ?"

"இல்லை அண்ணை. அயலுக்குக் குடுக்காமல் நாங்கள் வாய் வைக்கிறேல்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து வெட்டுங்கோ."

ஒரு துண்டை வாயில் போட்டார். "சர்க்கரை கூடிப்போச்சு," என்றார். பிறகு மெதுவாக, "நாம்பனோ, நாகோ?" என்று கேட்டார்.

"நாகு, அண்ணை. பெட்டைக் கன்று."



ஞாயிற்றுக்கிழமை வேலிப் பக்கம் கத்திச் சத்தம் கேட்டபோது நான் சாமி அறைக்குள் இருந்தேன். பார்க்க மனம் வரவில்லை. கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சற்று நேரத்தில் பொத்தென்று ஏதோ விழுந்தது. திரும்பவும் விழுந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து நித்திரையில் நடப்பவள்போல வெளியே வந்தேன். பச்சைக் குழைக் கட்டுகள் வேலிக்கு மேலாக எழும்பி, வெயிலில் ஒரு கணம் மிதந்து, எங்கள் கொட்டிலடியில் விழுந்துகொண்டிருந்தன. மரங்கள் நெஞ்சளவில் தறிபட்டு நின்றன. வேர் கிண்டப் போன என் கணவர் மண்வெட்டியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றார்.

"வேரிலை கை வைக்கேல்லைத் தங்கச்சி," என்று வேலிக்கு அங்காலிருந்து குரல் மட்டும் வந்தது. "நெத்து முத்த முந்தி நானே வெட்டிப் போடுறன். எனக்கும் முளையாது, உங்கடை மாட்டுக்கும் சாப்பாடு. உங்கடை மனிசன் வெட்டுவாரெண்டு பாத்துக்கொண்டிருந்தால் தைப்பொங்கலும் வந்திடும்."

இப்போதும் மரம் தளிர்த்துப் பிஞ்சு விடும்போதெல்லாம் அவர்தான் வெட்டிப் போடுகிறார். பொத்தென்று குழைக்கட்டு விழும்போது என் கைகள் தானாகக் குவிகின்றன. கும்பிடுவது பிள்ளையாரையா, அந்த மனிசனையா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.