சூசைதாசனின் 'ஓம்'

"அயோவாவுக்குள்ள போனால் அவசரப்படக்கூடாது கண்டியளோ. எங்கட டென்மார்க் காத்தாலை ஒண்டைக் கழட்டிக் கொண்டுபோய் அங்க நட்டு வச்சிருக்கிறாங்கள். அதைப் பாக்காமல் நெப்ராஸ்காவுக்குப் போறது பாவம்!"

கறிக்கு உப்புப் போட வந்த மனைவி எமிலியாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குசினிச் சுவரில் ஒட்டியிருந்த அமெரிக்கத் தேசப்படத்தில் அகப்பைக் காம்பை ஓட்டிக்கொண்டிருந்தார் சூசைதாசன். மாட்டிக்கொண்டவர், மிளகாய்த்தூள் இரவல் வாங்க வந்த பக்கத்து வீட்டு ராசமலர். அவருக்குக் குடியிருக்கும் ஹேர்னிங்கை விட்டு, பக்கத்து டேனிஷ் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போகவே பஞ்சி, உடம்பு வளையாது. ஆனாலும் சுவரெல்லாம் சோளப்பொத்தி ஒட்டிய தென் டகோட்டா மாளிகைவரை போய்த் திரும்பாமல் மிளகாய்த்தூள் கைக்கு வராது.

உடுப்பு ஆலையில் வேலை பார்க்கும் இந்த மனுசன் அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் காண்பதாக இருந்தார். சிக்காகோவில் இருக்கும் மச்சான் லோரன்ஸ் தன் காரைத் தருவதாகச் சொல்லிவிட்டான். விசாவும் வந்துவிட்டது. குறுக்கே நின்றது லைசென்ஸ் சோதனை ஒன்றுதான். எமிலியா அதில் எப்போதோ சித்தியடைந்து லைசென்ஸ் எடுத்துவிட்டாள்.

"நீங்களும் லைசென்ஸ் எடுத்தால் போவம். பக்கத்தில இருந்து நீங்கள் அலட்ட அலட்ட, முழு அமெரிக்காவையும் என்னால தனிய ஓட்டேலாது" என்று கறாராகச் சொல்லியும்விட்டாள்.

சோதனையன்று என்ன அழகாக ஓட்டினார் தெரியுமா! இரண்டு கார்களுக்கு நடுவே ஒரே வெட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். சோதனை அதிகாரி முகம் மலர்ந்து, "திருப்தியா?" என்று டேனிஷில் கேட்டார். சந்தோஷம் வந்தால் சூசைதாசனுக்கு டேனிஷ் வராது. நெஞ்சை நிமிர்த்தி, "ஓம்!" என்றார்.

வந்தது வினை. நமக்கு 'ஓம்' என்றால் 'ஆமாம்'; டேனிஷ்காரர் காதுக்கு அது 'மறுபடியும்'. இன்னும் திருத்தமாக நிறுத்த ஆசைப்படுகிறார் போலும் என்று நினைத்த அந்த நல்ல மனிதர், சரி, செய்யும் என்று கையைக் காட்டினார். இவரோ, ஆளுக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று காரை வெளியே எடுத்து மீண்டும் நிறுத்தினார்.

"இப்போது திருப்தியா?"

"ஓம், ஓம்!"

அடுத்த தடவை, பேக்கரி வாசலில் நின்ற சைக்கிள்கள் அத்தனையும் சரிந்தன. சோதனையும் அத்தோடு முடிந்தது.

"டேனிஷில 'யா' எண்டு ஒரு சொல்லுச் சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையே வச்சிருந்தனீங்கள்?" எமிலியாவுக்குச் சிரித்துச் சிரித்தே கண்ணீர் வந்துவிட்டது.

சூசைதாசன் சிரிக்கவில்லை. சரியாகச் சாப்பிடவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்தும் ஒரு பேச்சில்லை. கதைக்காத புருசனை எமிலியா அதுவரை கண்டதே இல்லை. ஐயோ பாவம் என்று மனம் இளகிவிட்டது.

கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இல்லாத ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"சரி, நானே ஓட்டுறன். சிக்காகோவால வெளிக்கிட்டாச்சு. இப்ப எந்தப் பக்கம் திருப்பிறது?"

சூசைதாசன் அலட்டாமல் வாயை இறுக மூடிக்கொண்டு, கையை மட்டும் அயோவா இருக்கும் இடது பக்கம் நீட்டினார்.