மூன்று நாள் பிந்திய பதில்

அலுவலகத்தில் அவரைச் செய்திக்காரர் என்பார்கள். இணையக் கம்பெனியில் யூஸ்நெட் இயந்திரம் அவர் பொறுப்பு. உலகெங்கும் ஆட்கள் குழு குழுவாகக் கேள்வி எழுதுவதும் பதில் போடுவதும்தான் யூஸ்நெட். ஒரு கம்பெனியின் இயந்திரம் அடுத்த கம்பெனிக்குக் கைமாற்றிவிட, அது இன்னொன்றுக்கு என்று எழுதியது உலகம் சுற்றும். இன்றைக்கு அவருடைய இயந்திரத்துக்கு ஒன்பது கம்பெனிகளோடு கொடுக்கல் வாங்கல். எதற்கு ஒன்பது என்று யாராவது கேட்டால் மனிதர் எரிந்து விழுவார்.

மூன்று வருடம் முன்பு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த கம்பெனியில் பொறியாளராக இருந்த அம்மா ஒருவர் நேரிலேயே வந்து கேட்டார்.

"உங்களுக்கு வர்றத எங்களுக்குக் குடுங்க, எங்களுக்கு வர்றத உங்களுக்குத் தர்றோம். ஒரு வழி அறுந்தாலும் இன்னொண்ணு இருக்கும்ல சார்?"

"போட்டிக் கடைக்கு நான் ஏம்மா சோறு போடணும்?" என்றார் இவர். என்ன தலைக்கனம் பாருங்கள். அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதமே அந்த ஒற்றை வழி படுத்துவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். அச்சகம் வைத்திருப்பவர். ஆறு வயது மகளுக்கு வலிப்புக்குப் புது மாத்திரை கொடுத்ததிலிருந்து உடம்பெல்லாம் கொப்புளம். போகப் போகச் சரியாகிவிடும் என்றாராம் டாக்டர். மனசு கேட்காமல், வழி அறுவதற்குச் சற்று முன்னால் மருத்துவக் குழுவில் எழுதிப் போட்டிருந்தார்.

"யாராவது பதில் போட்டாங்களா சார்?"

"வரும் சார். லைன் சரியானதும் வந்துடும்."

இரண்டாம் நாளும் பத்து மணிக்கு அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் போன் வரவில்லை. குழந்தை போய்விட்டாள் என்று சாயங்காலம் வரவேற்பறைப் பெண் வந்து சொன்னாள்.

நான்காம் நாள் வழி திறந்து, தேங்கியதெல்லாம் கொட்டியது. அதில் எங்கோ தூர தேசத்துத் தோல் டாக்டர் ஒருவரின் பதிலும் இருந்தது. மாத்திரையை இன்றே நிறுத்துங்கள், குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விசாரித்துப் பார்த்தால், முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே அது அந்தப் பொறியாளர் அம்மாவின் இயந்திரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. தன் இயந்திரத்துக்கு வந்த பதிலை இவர் அழித்துவிட்டார். பெற்றவன் இதை எப்படிப் படிப்பான்?

அதற்கப்புறம்தான் ஒவ்வொரு கம்பெனி வாசலாக ஏறி இறங்கினார். முதலில் அந்த அம்மாவிடம்தான் போனார். ஒன்பது வழி சேர்த்தும் மனுஷனுக்கு நிம்மதி இல்லை. காலை பத்து மணிக்கு எந்தப் போன் அடித்தாலும் எடுக்க மாட்டார்.

"மத்தியானம் கண்ணசந்தாக்கூட 'வரும் சார், வரும் சார்'னு பெனாத்துறீங்க. யாருங்க அது?" என்பாள் மனைவி. அவளிடமும் சொன்னதில்லை.

போன வாரம் அச்சகக்காரரே அலுவலகத்துக்கு வந்தார். வாடிக்கையாளர்களுக்கென்று போட்டிருந்த கணினியில் உட்கார்ந்து மெதுவாக ஏதோ தட்டச்சு செய்தார்.

"உலகத்தையே கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. அத நெனச்சுத்தான் சார் நாங்க மனசத் தேத்திக்கிட்டோம். இருந்தாலும் பாப்பாவுக்கு என்னதான் ஆச்சுன்னு இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கன்னு அவ அம்மா சொல்றா. இப்பவாவது யாருக்காவது தெரிஞ்சிருக்கலாம்ல?"

சொல்லிக்கொண்டே அனுப்பிவிட்டார். ஒன்பது வழியிலும் அது கிளம்பிவிட்டது. அன்றைக்கே எழுதினேனே என்று அந்த டாக்டர் பதில் போட்டால் இந்தத் திரையிலேயே வந்து நிற்கும். ஒரு வழியை அடைத்தால் எட்டு வழி இருக்கிறது. செய்திக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார், அப்பவே பதில் வந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

அச்சகக்காரர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "என்னைக்கு வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"எங்ககிட்ட நாலாம் நாள் வந்துச்சு. பக்கத்துக் கம்பெனிக்கு, நீங்க மொதல் தடவை போன் பண்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடுச்சு சார். அவங்க தர்றேன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன்."