மாமனார் செய்த சவரம்

துறைமுகத்தில் துணி மூட்டை திருடி ஜெயிலுக்குப் போய் வந்தவன் நான். யுத்தம் முடிந்த சமயம், என் கல்யாணத்தன்று காலையில், தூத்துக்குடி சலூன்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“ஜெயிலுக்குப் போனவனுக்கு இங்கன சவரம் கிடையாது. எழும்பு.”

பெண்ணின் தகப்பனார் பக்கத்தில் நின்றார். விஷயம் அவருக்குத் தெரியும். ஆனாலும் நாலு பேர் முன்னால் கேட்டதும் மனம் மாறிவிடுவாரோ என்று பயந்தேன்.

“தெரிஞ்சுதான் பொண்ணு கொடுக்கேன் அண்ணாச்சி,” என்றவர் என் தோளைத் தொட்டார். “வாங்க மாப்ள, நானே சிரைச்சு விடுதேன்.”

உடன்குடிக் கருப்பட்டி வியாபாரியான அவருக்குச் சவரம் என்ன தெரியும்? கிணற்றடியில் என் தாடையைக் கீறிவிட்டு அவர்தான் பதறினார். பஞ்சு ஒட்டிய முகத்தோடு மணவறையில் உட்கார்ந்த என்னைப் பார்த்து மணப்பெண் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

சலூன்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கிணற்றடியில் கழுத்தை நிமிர்த்திக் கொடுத்தபோதுதான், ஜெயிலைவிட்டு உண்மையாகவே வெளியே வந்ததுபோல் இருந்தது.