ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்கள்

என் பத்திரிகையை யாராவது படிக்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு வந்தது, பத்திரிகை தொடங்கி ஏழாவது வருஷத்தில். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம். ஆனால் எழுதுவது, திருத்துவது, மடிப்பது, தைப்பது, விலாசம் ஒட்டுவது எல்லாம் நானே என்பதால் சந்தேகப்பட நேரம் கிடைக்கவில்லை.

கொடைக்கானலுக்கு நான் வந்தது எழுதுவதற்கு அல்ல, இருமலுக்கு. மலைக்காற்று வேண்டும் என்றார் மதுரை டாக்டர். என் கணவர் என்னைக் கொண்டுவந்து விட்டு, ஒரு வாரம் உடனிருந்து, தமக்கு மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தாமே கண்டுபிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். ஒரு வருஷத்தில் இருமல் நின்றது. அதை அவருக்கு எழுதினேன். எதற்கும் இன்னும் ஒரு வருஷம் இருந்து பார்ப்பது நல்லது என்று பதில் வந்தது. அப்படிப் பார்த்துப் பார்த்தே பத்து வருஷம் ஓடிவிட்டது. இடையில், சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரத்தை வாங்கிப் பெண்களுக்கென்று ஒரு மாதப் பத்திரிகை ஆரம்பித்தேன். பேச்சுத்துணை இல்லாதவர்கள் கிளி வளர்ப்பார்கள். நான் பத்திரிகை வளர்த்தேன். கிளி என்றால் பதிலாவது சொல்லியிருக்கும்.

அந்த ஆடி மாதம் மூடுபனி வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது. அச்சான தாள்களைக் கொடியில் தொங்கவிட்டுக் கீழே கரிக்கணப்பு வைத்து உலர்த்துவது எங்கள் வழக்கம். உலர்ந்த பிறகுதான் பார்த்தேன், என் தொடர்கதையில் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி முழுசாக விட்டுப்போயிருந்தது. விட்டுவிடலாம். ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. அந்த ஒரு வரியைத் தனியாக அச்சடித்து, கத்தரித்து, மைதாப் பசை காய்ச்சி, ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினேன்.

அச்சுக் கோக்கும் பெரியவர் விரலால் தொட்டுப் பார்த்தார். கிறிஸ்தவ மிஷன் அச்சகத்தில் முப்பது வருஷம் ஈய எழுத்தோடு பழகிய விரல்.

“பசை காயலம்மா. நாளக்கிக் கட்டுவோம்.”

“நாளைக்குக் கட்டினால் தபால் போய்விடும்.”

“போகட்டுமே. மதுரையில ஒருத்தரும் கதவைத் தொறந்து வச்சிக்கிட்டுக் காத்துக்கெடக்கல.”

அந்தப் பேச்சில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்கே மடித்து, தைத்து, அடுக்கின் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்து அழுத்தி, தபாலில் சேர்த்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து என் சொந்தப் பிரதியைப் புரட்டினேன். பதினான்கும் பதினைந்தும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் கிழிந்தது. ஒரு வரியைக் காப்பாற்றப் போய் இரண்டு பக்கங்களைக் கொன்றிருந்தேன். அதுவும் கதாநாயகி கணவன் வீட்டை விட்டு ரயில் நிலையத்துக்கு வந்து நிற்கிற பக்கங்கள். என் கதைப்படி, ரயில் வரும் நேரத்தில் கொல்லைக் கதவைத் தாழிட மறந்தது நினைவுக்கு வந்து அவள் வீடு திரும்பிவிடுவாள். பெண்கள் பத்திரிகைதான், ஆனால் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

பெரியவரும் நானுமாக அந்த இரண்டு பக்கங்களை மட்டும் மறுபடி அச்சடித்து, புகார் எழுதுகிறவர்களுக்கு அனுப்பத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

வந்த கடிதங்கள் மூன்று. ஒருவருக்கு விலாசம் மாறிவிட்டது. இன்னொருவர் தாமே இயற்றிய பிள்ளையார் பதிகத்தை அனுப்பியிருந்தார். மூன்றாவது என் கணவர். அவருக்கும் ஒரு பிரதி போகிறது. ‘இதழ் கிடைத்தது. கதையை ஒரே மூச்சில் படித்தேன். விறுவிறுப்பு.’

ஆவணி போனது. அடுத்த இதழும் அதற்கடுத்த இதழும் போயின. என் கதாநாயகி வீடு திரும்பி அடுப்படியில் நின்றாள். எப்படித் திரும்பினாள் என்று கேட்பாரில்லை. மதுரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒருவர் என் இயந்திரத்தை வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐப்பசி மழை விடுவதற்குள் ஒரே ஒரு புகார் வந்தால் பத்திரிகையைத் தொடர்வது, இல்லாவிட்டால் இயந்திரத்தை அவருக்கே கொடுத்துவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு சும்மா இருப்பது என்று தீர்மானித்தேன். கல்யாணப் பத்திரிகையையாவது ஜனங்கள் படிக்கிறார்கள். சாப்பாடு எந்த மண்டபத்தில் என்று தெரியவேண்டுமே.

புகாருக்காகக் காத்திருப்பது விசித்திரமான காரியம். தபால்காரர் செருப்புச் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய்விட்டு, தற்செயலாக வந்ததுபோல் ரோஜாச் செடியைப் பார்ப்பேன். அந்தச் செடியை அவ்வளவு அக்கறையாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மழை விடுகிற சமயம், மதுரைக்காரருக்குக் கடிதம் எழுதுமுன் ஒரே ஒருவரை நேரில் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. தபாலில் போகாத பிரதி ஒன்று இருந்தது. பஜாரில் எனக்கு மண்ணெண்ணெயும் மைதாவும் தருகிற ராவுத்தர் கடைக்கு அதை நானே மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுப்பேன். திருத்திய பக்கத்தைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று வெள்ளிக்கிழமை. ராவுத்தர் தொழுகைக்குப் போகக் கடைக் கதவைப் பாதி சாத்தியிருந்தார்.

“வீட்டில் புத்தகத்தை யாராவது படிக்கிறார்களா?” என்று கேட்டேன்.

“என்னம்மா இப்புடிக் கேட்டுப்புட்டீங்க! வெள்ளிக்கிழமையானா எங்கக்கா புத்தகத்த விரிச்சிரும். பூம்பாறையில இருந்து வந்த பூண்டு மூட்டை மூட்டையாக் கெடக்கு. ஆய வந்தவளுக ஆயாம எங்கக்கா வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காளுக. உள்ள போங்க, நீங்களே பாருங்க.”

உள்கட்டில் ஐந்தாறு பெண்கள் பூண்டுத் தாளை அறுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மூக்குக்கண்ணாடியோடு ராவுத்தரின் அக்கா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மடியில் என் பத்திரிகை. என்னைக் கண்டதும் பட்டென்று மூடினார்.

“எழுதுறவங்க வந்திருக்காங்கடி” என்றார். குரலில் வரவேற்பு இருந்தது, கண்ணில் இல்லை.

பூண்டு ஆய்கிறவர்களில் ஒருத்தி முந்திக்கொண்டாள். “ஏம்மா, அந்தப் புள்ளைக்கு நர்சு வேல கெடைக்குமா, கெடைக்காதா?”

“எந்தப் பிள்ளைக்கு?”

“நல்லாக் கேட்டாங்க போ! ரயிலேறி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போச்சே, அதுக்குத்தான். எழுதினவங்க நீங்க, எங்ககிட்டக் கேக்குறீங்க?”

“மறந்துருப்பாங்கடி. எத்தன புள்ளைகள ரயிலேத்தி விட்டாங்களோ” என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மெதுவாகத்தான் புரிந்துகொள்கிற ஆள். ஆனால் அந்தப் பார்வை எனக்கே புரிந்தது.

“கிடைக்கும்” என்றேன். “கொஞ்சம் அலையவிட்டுத்தான் கொடுப்பார்கள்.”

“பாத்தியா, நான் சொன்னேன்ல!” என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் தொடையில் அடித்தாள்.

வழியனுப்புகிற சாக்கில் அக்கா பின்வாசல்வரை வந்தார்.

“ஒட்டிக்கெடந்துச்சும்மா. பிரிச்சாக் கிழியுது. இவளுக மூஞ்சியப் பாத்தேன். நிறுத்த மனசு வரல. புத்தகத்தப் பாத்துக்கிட்டே வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்.”

“எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே. சரியான பக்கத்தை அனுப்பியிருப்பேன்.”

“அதுக்குத்தான் எழுதல.” குரலைத் தாழ்த்தினார். “அடுத்த புத்தகத்துல அவ அடுப்படியில நிக்கிறா. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. நீங்க கூட்டியாந்துட்டீங்க. நான் அனுப்பிச்சிட்டேன். இவளுககிட்ட இப்ப என்னன்னு சொல்ல? அதான் ரெண்டு மாசமா நானாத்தான் படிக்கிறேன்.” பிறகு என் சால்வையைப் பார்த்தார். “கையில என்ன வச்சிருக்கீங்க?”

“ஒன்றுமில்லை. வெறும் தாள்” என்றேன். என் எழுத்தைப் பற்றி அவ்வளவு நேர்மையாக நான் அதற்குமுன் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்து தாள்களைக் கணப்பில் போட்டேன். மதுரைக்காரருக்கு இயந்திரம் இப்போதைக்கு விற்பனைக்கில்லை என்று கார்டு எழுதினேன். பிறகு அடுத்த அத்தியாயத்தை, மதுரை ஆஸ்பத்திரியில் நர்சின் வெள்ளைப் புடவையோடு அவள் நிற்பதாக ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து அங்கே எப்படிப் போனாள் என்று விளக்கவில்லை. பெரியவர் கோத்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

“இவ போன மாசம் பருப்புல்ல கடஞ்சிக்கிட்டிருந்தா?”

“நீங்கள் படிப்பீர்களா?”

“தலைகீழாத்தான் படிக்கிறேன். ஈய எழுத்து அப்புடித்தானே இருக்கு. போனது நல்லதுதான். வெரசாக் கோத்துர்றேன்.”

சந்தாதாரர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் கணவர் அதையும் ஒரே மூச்சில் படித்திருந்தார்.

அந்த உள்கட்டுக்கு நான் மறுபடி போகவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. ஏழு வருஷமாக எங்கேயோ இருப்பதாகக் கற்பனை செய்துகொண்ட கூட்டம், பூண்டு வாசனையோடு நிஜமாகவே பஜாரில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எழுதினவள் எதிரே உட்கார்ந்தால் அக்கா அச்சில் உள்ளதை உள்ளபடி படிக்கவேண்டி வரும். அவர்களுக்கு அது பெரிய நஷ்டம்.

“உள்ள போங்கம்மா, வெள்ளிக்கிழமையாச்சே. படிக்க ஆரம்பிச்சிருச்சு” என்பார் ராவுத்தர், மண்ணெண்ணெய்ப் புட்டியை நீட்டிக்கொண்டே. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். சிரிக்கும்படி அந்த மாதம் நான் ஒன்றும் எழுதியிருக்க மாட்டேன்.

“நிறையச் சோலி கெடக்கு” என்று அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டு, ஏரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு, எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக வீட்டுக்கு நடப்பேன்.