தாய் வீட்டு அரைஞாண்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலையில் வேலை பார்க்கும் சாம்சன், பேரன் பிறந்த சேதி கேட்டு ஷிஃப்ட் முழுக்க மிட்டாய் கொடுத்தார். கனடாவிலிருந்து ஏஞ்சலின் குழந்தையைப் போனில் காட்டியதும், "மூக்கப் பாரு, அப்டியே எங்க அண்ணன்" என்று அத்தனை பேரிடமும் காட்டினார்.

ஏஞ்சலின் அவருடைய அண்ணன் மோசஸின் மகள். நெடுஞ்சாலை விபத்தில் அண்ணனும் அண்ணியும் போனபோது அவளுக்கு நடைகூடப் பழகவில்லை. சாம்சன் கல்யாணமே செய்துகொள்ளாமல் அவளை வளர்த்தார். பிறப்பைப் பதியாத பிள்ளை; பள்ளியில் அப்பா பெயர் கேட்டபோது அவர் எதைச் சொன்னாலும் எழுதியிருப்பார்கள். அண்ணன் பெயர் அழியக் கூடாதென்று மோசஸ் என்றே சொன்னார்.

அவரை நிரந்தரமாகத் தன்னோடு வைத்துக்கொள்ள ஏஞ்சலின் ஸ்பான்சர் செய்யப் பார்த்தாள். அவள் அனுப்பிய விதிகளைப் புதுவாயலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் கல்பனா படித்துச் சொன்னாள்.

"பெத்தவங்களத்தான் கூப்ட முடியுமாம்ணா. இல்லன்னா கோர்ட்டுல தத்து எடுத்திருக்கணும்."

"நம்ம ஊட்டுப் புள்ளய இன்னாத்துக்கும்மா தத்து எடுக்கணும்?"

"அது அவங்களுக்குத் தெரியுமா? சித்தப்பான்னா அவங்க கணக்குல வேற ஆளு."

"இப்ப எடுத்தா?"

"சின்ன வயசுலயே எடுத்திருக்கணும். அவளே இப்ப ஒரு புள்ளைக்கு அம்மா."

சும்மா பார்த்துவிட்டு வரக் கேட்ட விசா முன்பே மறுக்கப்பட்டிருந்தது. அவர் திரும்பி வருவதற்கு இங்கே குடும்பம் இல்லையாம்.

"ஸ்கூல்ல ஒம் பேரயே சொல்லியிருக்கலாம் இல்ல, நைனா" என்று ஏஞ்சலின் போனில் அழுதாள்.

"அன்னிக்கு கனடாவ யாரும்மா கண்டா?"

மாப்பிள்ளையின் அம்மா ஞானம்மாவுக்குத் தடை எதுவும் இல்லை. மகன் எப்போதோ போட்ட மனுவுக்கு விசா வந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் சாம்சன் பொன்னேரிக்குப் போய், வெள்ளி அரைஞாணை அவளிடம் கொடுத்தார். தாய் வீட்டார் கையால் கட்ட வேண்டியது அது.

"உங்க ஊட்டு சீர நான் தூக்கினு போறேன். கூலி குடுங்க சம்பந்தி" என்று சிரித்தாள் ஞானம்மா. அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "யாரு குடுத்தாங்கன்னு சொல்லட்டும்?"

"தாத்தான்னு சொல்லுங்க" என்றார் சாம்சன். "சின்னத் தாத்தான்னு சொல்லிடாதீங்க."

அவள் அதைக் கைப்பையில் வைத்து மூடினாள். சாம்சன் ரயிலுக்கு நடந்தார். கனடாவுக்கு எப்போது கிளம்புகிறாய் என்று ஷிஃப்டில் இன்றைக்கும் கேட்பார்கள்.